'பிரஸ்டீஜ்' எனும் செப்பிடுவித்தை

திண்டுக்கல் கடைவீதியிலே, தேநீர்க் கடைப் பலகையிலே, அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: "பையன் நல்லவன், படித்தவன், வேலையிலும் இருக்கிறான். எல்லாம் சரிதான், ஆனால் நம்ம பிரஸ்டீஜ் என்ன ஆகிறது?"

பையனிடம் குறையில்லை. பெண்ணுக்கோ விருப்பம். குறுக்கே நிற்பது ஒரே ஒரு சொல்! 'சாதி' என்று வாய்விட்டுச் சொல்ல நா கூசுகிறது. ஆகவே சாதிக்கு ஆங்கிலச் சட்டை மாட்டி, 'பிரஸ்டீஜ்' என்று பெயர் சூட்டி, நடுவீட்டில் உட்கார வைக்கிறார்கள். சட்டை புதியது, உள்ளே இருக்கும் உடலோ பழையது.

தோழர்களே! இந்தச் சொல்லின் பிறப்பை விசாரித்தீர்களா? பிறப்பை வைத்து மனிதரை அளப்பவர்கள், தாங்கள் போற்றும் சொல்லின் பிறப்பையும் சற்றே அறிந்துகொள்ளட்டும். அதன் மூலம் இலத்தீன். அங்கே அதற்குப் பொருள் செப்பிடுவித்தை, கண்கட்டு, ஏமாற்று. பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோதும் அது மாயத்தோற்றத்தையே குறித்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் மக்களை மயக்கும் புகழொளி என்ற பொருள் ஏறியது. வித்தைக்காரன் பெயரை மாற்றிக்கொண்டான், வித்தையை விடவில்லை!

இந்தச் சொல்லைத் தமிழகத்தின் மூலைமுடுக்கெல்லாம் கொண்டு சேர்த்ததில் பெரும்பங்கு 'வியட்நாம் வீடு' கதைக்கு உண்டு. சுந்தரம் எழுதி, சிவாஜி கணேசன் மேடையில் நடித்துப் புகழ்பெற்று, 1970இல் திரைப்படமாக வந்த கதை. நாயகர் பெயரே 'பிரஸ்டீஜ்' பத்மநாபன்! மக்கள் அவருக்காகக் கண்ணீர் வடித்தனர். நடிப்பின் ஆற்றலை மறுப்பார் யார்? ஆனால் கதையின் உள்ளடக்கத்தை ஆராய்ந்தோமா? அலுவலக நாற்காலி இருந்தவரை வீட்டிலே மதிப்பு. ஓய்வு பெற்றதும் பெற்ற பிள்ளைகளிடமே மதிப்புச் சரிகிறது. அப்படியானால் அவர் இத்தனை நாள் தம்முடையது என்று எண்ணியிருந்த பிரஸ்டீஜ், நாற்காலியினுடையது அன்றோ? இந்தக் கேள்வியை அந்தக் கதையே எழுப்புகிறது. நாமோ கேள்வியை விட்டுவிட்டோம். சொல்லை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தோம்!

ஆங்கிலத்தின் மற்ற அந்தஸ்துச் சொற்களையும் பாருங்கள். 'லார்டு' என்பதன் பழைய பொருள் ரொட்டியைக் காப்பவன். ஆம், உணவுக் கிடங்கின் சாவியைக் கையில் வைத்திருந்தவனே பிரபு! 'ஜென்டில்மேன்' என்பதன் மூலப்பொருள் குலப்பிறப்பைச் சுட்டுவது. பண்பு என்னும் பொருள் பின்னாளில் ஒட்டியது. வயலில் உழைத்த கிராமத்தானைக் குறித்த சொல்லோ 'வில்லன்' ஆகி, கொடியவனைக் குறிக்கலாயிற்று. 'ஸ்னாப்' என்பது பதினெட்டாம் நூற்றாண்டில் செருப்புத் தைப்பவரைக் குறித்த சொல். இன்று பகட்டுக்காரனுக்கு வசைச்சொல். உழைத்தவன் பெயர் வசையாகவும், உடைமை வைத்திருந்தவன் பெயர் புகழாகவும் மாறிய வரலாறுதான் அகராதி முழுவதும்! தோல் பதனிட்டு ஊருக்கெல்லாம் செருப்புக்குத் தோல் தந்த திண்டுக்கல்லுக்கு இந்த அநீதி புரியாதா?

ஆங்கிலேயரை மட்டும் குறைகூறி நாம் தப்பிவிட முடியாது. அந்த அகராதிக்கு நாம் அளித்த நன்கொடை என்ன தெரியுமா? 'பரையா'! ஒதுக்கப்பட்டவன், தீண்டத்தகாதவன் என்ற பொருளில் உலகமே வழங்கும் அச்சொல், பறை முழக்கிய நம் மக்களின் பெயரிலிருந்து போனது. வாங்கியது பிரஸ்டீஜ், கொடுத்தது பரையா. இந்தப் பண்டமாற்றைக் கண்டு வெட்கப்பட வேண்டியவர், அந்தப் பெயரைச் சுமந்தவர் அல்லர், சுமத்தியவர்.

இது வெறும் சொல்லாராய்ச்சியா? அன்று! 2016 மார்ச் 13ஆம் நாள், உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையத்தருகே, பட்டப்பகலில், ஓர் இளைஞன் வெட்டிக் கொல்லப்பட்டான். அவன் செய்த குற்றம், சாதி கடந்து, நம் மாவட்டத்துப் பழனிப் பெண்ணை மணந்தது. இத்தகைய கொலைகளுக்கு ஆங்கில ஏடுகள் சூட்டிய பெயரைத் தமிழ் ஏடுகள் 'கௌரவக் கொலை' என்று பெயர்த்தன. கொலையில் கௌரவம் ஏது? கேட்டார்கள் முற்போக்காளர்கள், கேட்டதனால் 'ஆணவக் கொலை' என்ற சொல் இன்று வழக்குக்கு வந்துவிட்டது. பெயர் மாறினால் கொலை நின்றுவிடுமா என்பீர்கள். நிற்காது, சட்டமும் வேண்டும், மனமாற்றமும் வேண்டும். ஆயினும் கொலைகாரனுக்குச் சூட்டியிருந்த மாலையையாவது கழற்றிவிட்டோம். முகமூடி கழன்ற முகத்தை எதிர்ப்பது எளிது.

அங்ஙனமாயின் மனிதனுக்கு மதிப்பே வேண்டாமா? வேண்டும்! ஆனால் பிரஸ்டீஜ் வேறு, சுயமரியாதை வேறு. பிரஸ்டீஜ் நிற்பதற்குக் கீழே ஒருவன் குனிய வேண்டும். சுயமரியாதைக்கு எவனும் குனிய வேண்டியதில்லை. எல்லோரும் நிமிர்ந்தாலும் அது குறையாது. அதனால்தான் 'பெருமை' எனும் அதிகாரத்திலேயே, பிறப்பால் அனைவரும் ஒப்பர் என்று வைத்தார் வள்ளுவர்.

இதை வாழ்ந்து காட்டியவர், இன்றைய திண்டுக்கல் மாவட்டத்துப் பட்டிவீரன்பட்டி தந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன். செல்வத்துக்குக் குறைவில்லாத குடும்பம். பிரஸ்டீஜைக் கட்டிக் காத்துக்கொண்டு வீட்டோடு இருந்திருக்கலாம். இருந்தாரா? 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதல் மாகாணச் சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை ஏற்றார். சாதிப் பட்டங்களைப் பெயரிலிருந்து நீக்குக என்று முழங்கிய மாநாடு அது! இராமநாதபுரம் மாவட்டக் கழகத் தலைவராய் இருந்தபோது, தாழ்த்தப்பட்டோரை ஏற்ற மறுக்கும் பேருந்துக்கு உரிமம் கிடையாது என்றார். தம் பெயரின் வாலை அறுத்தவருக்குப் புகழ் குறைந்ததா? சென்னையில் அங்காடி ஒன்று இன்றும் அவர் பெயர் தாங்கி நிற்கிறது.

வெள்ளையன் வழங்கிய ராவ் பகதூர், திவான் பகதூர் பட்டங்கள் போயின. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 18ஆம் பிரிவு பட்டங்களை ஒழித்தது. ஆனால் நெஞ்சுக்குள் நாமே சூட்டிக்கொண்ட பட்டத்தை எந்தச் சட்டப்பிரிவு ஒழிக்கும்?

திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஏன்? கைவேலையின் உறுதிக்காக. அதைச் செய்த கை எந்தக் குலத்துக் கை என்று பூட்டு சொல்வதில்லை; வாங்குபவனும் கேட்பதில்லை. வேலைப்பாடே மதிப்பு! பூட்டிடம் கடைப்பிடிக்கும் இந்த நேர்மையை மனிதனிடம் கடைப்பிடிக்க நமக்கு என்ன தடை?

இளைஞனே! நாளை உன் வீட்டில் மணப்பேச்சு வரும். "பிரஸ்டீஜ்" என்று ஒரு குரல் எழும். அப்போது அமைதியாக ஒன்று கேள்: "அந்தச் சொல்லைத் தமிழில் சொல்லுங்கள்!" அவர்கள் சொல்லத் தயங்கும் சொல்தான் நாம் ஒழிக்க வேண்டிய சொல்.