உடல் பொய் சொல்லாத விமானம்

மேகத்துக்குள் நுழையும் விமானிக்கு முதல் எதிரி அவருடைய காதுதான். மெதுவாகத் தொடங்கும் திருப்பத்தை உட்செவி உணர்வதில்லை. இறக்கை சாய்ந்து விமானம் சுழன்று இறங்கும்போதும் நேராகத்தான் போகிறோம் என்று உடல் அடித்துச் சொல்லும். 1999 ஜூலையில் ஜான் எஃப். கென்னடியின் மகன் ஓட்டிய சிறு விமானம் மார்த்தாஸ் வின்யார்ட் தீவருகே கடலில் விழுந்தது. இருட்டிலும் மூட்டத்திலும் திசையுணர்வு தடுமாறியதால் விமானம் அவர் பிடியை விட்டுப் போனது என்றது அமெரிக்க விசாரணை வாரியம். உடலின் பேச்சைத் தள்ளிவிட்டுக் கருவிகளின் பேச்சைக் கேட்பதே கருவிப் பறப்பு. அதை வீட்டுக் கணினியில் பழகலாமா?

பெரும்பகுதி பழகலாம். ஏனெனில் இந்தக் கலையில் கைவேலையைவிட மூளைவேலை அதிகம். தரையிறங்க வரிசை காத்து வானில் வட்டமடிக்கும் 'ஹோல்டிங்'கை எடுத்துக்கொள்வோம். நொடிக்கு 3 பாகை வீதம் திரும்ப வேண்டும். காத்திருப்புக்குக் குறித்த புள்ளியை நோக்கிய நேர்க்கோட்டில் ஒரு நிமிடம் பறக்க வேண்டும். காற்று தள்ளும் அளவுக்கு மூக்கைத் திருப்பிவைக்க வேண்டும். இந்தக் கணக்கை, வாடகை ஓடிக்கொண்டிருக்கும் விமானத்தின் இரைச்சலில் முதன்முறையாகப் போட்டுப் பார்ப்பது வீண்செலவு. மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரிலோ எக்ஸ்-பிளேனிலோ காற்றின் திசையை மாற்றி மாற்றி, பிடிபடும்வரை சுற்றலாம்.

சில பாடங்களில் சிமுலேட்டர் விமானத்தையே மிஞ்சுகிறது. பழைய சிறு விமானங்கள் பலவற்றில் செயற்கை அடிவானத்தின் சுழலியை ஒரு வெற்றிடப் பம்ப் இயக்குகிறது. பம்ப் நின்றால் அந்தக் கருவி சட்டென்று செத்துவிடாது. வேகம் குறைந்து, மெல்ல ஒரு பக்கம் சாயும். விமானத்தில் பயிற்சியாளர் இதைக் கற்பிக்க, கருவியின் முகத்தை ஓர் அட்டையால் மூடுகிறார். மூடிய கணமே மாணவருக்கு விஷயம் தெரிந்துவிடுகிறது. சிமுலேட்டரில் சொல்லாமல் கொள்ளாமல் சாயும். திருப்பங்காட்டி ஒன்று சொல்ல, அடிவானம் வேறொன்று சொல்ல, பொய் சொல்வது எது என்று மாணவரே கண்டுபிடித்தாக வேண்டும்.

ஆனால் நாற்காலி அசைவதில்லை. 1929இல் எட்வின் லிங்க், ஆர்கன் இசைக்கருவியின் துருத்திகளைக் கொண்டு செய்த பயிற்சிப் பெட்டிகூடச் சாய்ந்தது, திரும்பியது. வீட்டு மேசையில் உடல் பொய் சொல்வதேயில்லை. எனவே அதை மறுக்கும் பழக்கமும் வளர்வதில்லை. ஸ்பிரிங் வைத்த ஜாய்ஸ்டிக்கில் விசைகளின் கனம் தெரியாது. பார்வை ஒரே கருவியில் குத்திட்டு நின்றாலும் தட்டிச் சொல்ல ஆளில்லை. எல்லாவற்றையும்விடக் கெடுதல், பறப்பை இடையில் நிறுத்திவைக்கும் 'பாஸ்' பொத்தான். ஒன்றுமே நிற்காத இடத்தில் அடுத்ததை யோசிப்பதுதான் கருவிப் பறப்பின் கடினம்; இந்தப் பொத்தான் அந்தக் கடினத்தையே கழற்றிவிடுகிறது.

அமெரிக்கச் சட்டத்தின் கணக்கு இங்கே கவனிக்கத்தக்கது. கருவிப் பறப்புத் தகுதிக்கு வழக்கமாக வேண்டிய 40 மணி நேரத்தில், அங்கீகாரம் பெற்ற மேசைச் சாதனத்தில் பயிற்சியாளருடன் செய்தால் 10 மணி நேரமும், மேம்பட்ட ரகத்தில் 20 மணி நேரமும் வரை சேரும். அங்கீகாரமில்லாத வீட்டுக் கணினியில் எத்தனை இரவு உட்கார்ந்தாலும் பதிவேட்டில் பூஜ்யம்தான். மென்பொருள் ஒன்றாகவே இருந்தாலும் இதுதான் நிலை. இதைக் கெடுபிடி என்று சலிப்பவர்கள் உண்டு. எனக்கு நியாயமாகவே படுகிறது. திருத்த ஆளில்லாத பயிற்சி, தவறையும் சரியைப் போலவே ஆழமாகப் பதியவைக்கும். ஆனால் மணிக்கணக்கில் சேராதது மண்டையிலும் சேராது என்று முடிவுகட்டுவதும் பிழை. பயிற்சியாளர் நேற்று காட்டியதை இன்று அசைபோடவும் நாளைய பாடத்துக்கு வரைபடத்தோடு ஒத்திகை பார்க்கவும் இதைவிட மலிவான வழி இல்லை.

ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. தகுதி பெறாத விமானி ஒருவர், திரையில் நூறு மேகங்களைக் கடந்த தைரியத்தில் நிஜ மேகத்துக்குள் மூக்கை நுழைப்பதுதான் அது. திரை தரக்கூடியது நடைமுறை அறிவு மட்டுமே. துணிச்சலை அதனிடம் கடன் வாங்கக் கூடாது. இறங்குமுகம் கோணலாகிவிட்டால் மறுதொடக்கம் செய்யாமல், விதிப்படி மேலேறி, சுற்றிவந்து, மறுபடி முயல்பவருக்கு இது பயிற்சிக்கூடம். மற்றவர்களுக்கு நல்ல விளையாட்டு. விளையாட்டு என்று தெரிந்தே ஆடினால் அதிலும் குற்றமில்லை.