பீதர் கறுப்பு

பீதர் வேலைப்பாடுள்ள கூஜா ஒன்று கண்ணில் பட்டால், வெள்ளிப் பூக்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் அதன் கறுப்பைப் பாருங்கள். அது பெயின்ட்டும் அல்ல, முலாமும் அல்ல. எண்ணெய்க் காப்பிட்ட கருவறை விக்கிரகத்தில் இருக்குமே, அந்த மாதிரிக் கறுப்பு. வெள்ளி வேலை எந்த ஊரிலும் உண்டு. இந்தக் கறுப்புக்கு வட கர்நாடகத்துப் பீதருக்குத்தான் போக வேண்டும்.

அடி உலோகம் துத்தநாகம். அதைத் தாதுவிலிருந்து பிரிப்பது லேசான காரியமில்லை. சூளைச் சூட்டில் ஆவியாகிப் பறந்துவிடும். அந்த ஆவியைப் பிடித்துக் குளிரவைக்கும் வித்தையை ராஜஸ்தானின் ஜாவரில் ஐரோப்பாவுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே கண்டுகொண்டார்கள். 15ஆம் நூற்றாண்டில் பாமினி சுல்தான்கள் பீதரைத் தலைநகராக்கியபோது பாரசீகத்து ரசனையும் கூடவே வந்தது. அதில் பிறந்த கலை இது என்பார்கள்.

சுமார் 16 பங்கு துத்தநாகத்துக்கு 1 பங்கு செம்பு சேர்த்து உருக்கி, மண் அச்சில் வார்க்கிறார்கள். அரத்தால் ராவி, மயில்துத்தக் கரைசலைப் பூசினால் பாத்திரம் தற்காலிகமாகக் கறுக்கும். அதில் உளி போகும் வழியெல்லாம் வெளிர்கோடாகத் தெரியும். அந்தப் பள்ளத்தில் வெள்ளிக் கம்பியை வைத்துச் சுத்தியலால் தட்டி இறக்க வேண்டியதுதான். பசை கிடையாது, பற்றவைப்பும் கிடையாது. நல்ல கம்பி வேலையில் விரலை ஓட்டிப் பார்த்தால் எதுவும் தட்டுப்படக் கூடாது.

பிறகு மெருகேற்றுவார்கள். மயில்துத்தக் கறுப்பு போய்விடும். வெள்ளியும் துத்தநாகமும் ஏறக்குறைய ஒரே நிறமாகி, அத்தனை உழைப்பும் கண்ணுக்கே தெரியாமல் போகும்! அப்போதுதான் கோட்டை மண் வருகிறது. பீதர் கோட்டையில் வெயிலும் மழையும் படாத இடத்து மண்ணை நாக்கில் வைத்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்து, நவச்சாரத்தோடு நீரில் குழைத்து, சூடாக்கிய பாத்திரத்தின்மேல் தேய்க்கிறார்கள். துத்தநாகக் கலவை கறுக்கும். வெள்ளி அப்படியே நிற்கும். கடைசியில் கொஞ்சம் எண்ணெய்.

ஹைதராபாத் சாலார் ஜங் அருங்காட்சியகத்தில் பழைய பீதர் உருப்படிகள் நிறைய உண்டு. ஹூக்கா அடிக்கலங்கள், வெற்றிலைப் பெட்டிகள் என்று அந்தக் காலத்து நவாபுகளின் சொகுசெல்லாம் அங்கே இருக்கிறது. வெள்ளியை அள்ளி இறைத்தவற்றைவிட, ஒரே ஒரு செடியைச் சுற்றிக் கறுப்பைத் தாராளமாக விட்டுவைத்தவைதான் எனக்கு உசத்தி. எங்கே நிறுத்துவது என்று தெரிந்த கை அது. இந்தக் காலத்து பென்டிரைவ், சாவிக்கொத்து வகையறாக்களில் அந்தக் கைக்கு இடமே இல்லை. பிழைப்புக்காகச் செய்கிறார்கள், குறை சொல்லிப் பயனில்லை. 2023இல் பீதர் கலைஞர் ஷா ரஷீத் அகமது காத்ரிக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது நியாயமான மரியாதை.

உங்கள் வீட்டில் ஒன்று இருந்தால், பித்தளைக் குத்துவிளக்கைத் துலக்குகிற ஞாபகத்தில் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். மெல்லிய துணியில் துளி எண்ணெய் தொட்டுத் துடைத்தால் போதும்.