வம்சாவளிப் பரிந்துரைகள்

2025ஆம் ஆண்டின் புக்கர் குறும்பட்டியலில் இடம்பெற்ற ஆறு நாவல்களில் மூன்று ஆசிய வம்சாவளியினர் எழுதியவை: கிரண் தேசாயின் ‘தி லோன்லினஸ் ஆஃப் சோனியா அண்ட் சன்னி’, சூசன் சோயின் ‘ஃப்ளாஷ்லைட்’, கேட்டி கிட்டமுராவின் ‘ஆடிஷன்’. பரிசு டேவிட் சலாயின் ‘ஃப்ளெஷ்’ நாவலுக்குப் போனது. ஆனாலும் ஆறில் மூன்று என்பது சிறிய கணக்கல்ல. ‘ஆசியப் புலம்பெயர் எழுத்தாளர்களின் அண்மை நாவல்கள், எல்லா வகைமைகளிலும்’ என்கிற மாதிரியான பரிந்துரைப் பட்டியல்களில் இம்மூன்றையும் ஒன்றாகவே பார்க்கிறோம்.

மூன்றுக்கும் என்ன உறவு? தேசாயின் நாவல் கிட்டத்தட்ட 700 பக்கம். இரண்டு குடும்பங்கள், இரண்டு நாடுகள், வேலைக்காரர்கள், சமையற்காரர்கள், சித்தி, அத்தை என்று பழைய பெருநாவலின் விரிவோடு நிதானமாக நகரும் காதல் கதை. ‘ஃப்ளாஷ்லைட்’ ஜப்பானியக் கடற்கரையில் ஓர் இரவு தந்தை காணாமற்போவதில் தொடங்கி, பல பத்தாண்டுகளைக் கடந்து ஓர் அரசியல் மர்மமாக விரிகிறது. ‘ஆடிஷன்’ சிறிய நாவல். ஒரு நடிகை, அவளைத் தேடி வரும் ஓர் இளைஞன். முதற்பாதி சொன்னதை இரண்டாம் பாதி குலைத்துப்போட்டு வேறொன்றை வைக்கிறது. தேசாயை ரசித்தவருக்குக் கிட்டமுராவைப் பிடிக்கும் என்று நம்ப ஒரு முகாந்திரமும் இல்லை. இருந்தும் இவை ஒரே மூச்சில் பரிந்துரைக்கப்படுகின்றன. ஆசிரியர்களின் வம்சாவளி எந்தக் கண்டத்தைச் சேர்ந்தது என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை.

இந்தப் பட்டியல்களுக்காக வாதாடுபவர்கள் ஒரு வலுவான காரணம் வைத்திருக்கிறார்கள். ஆசியப் பெயர் கொண்ட எழுத்தாளர் என்றாலே குடியேறிய குடும்பத்தின் துயரத்தை எழுதவேண்டும் என்று மேற்குலகப் பதிப்பகங்கள் வெகுகாலம் எதிர்பார்த்தன. இன்று அவர்கள் காதல் நாவல், துப்பறியும் நாவல், மிகுபுனைவு, அறிவியல் புனைவு, திகில் என எல்லாம் எழுதுகிறார்கள். எல்லா வகைமைகளையும் ஒரே பட்டியலில் காட்டினால் அந்தப் பழைய கூண்டு உடையும் என்கிறார்கள். நான் மறுப்பது இந்த வாதத்தைத்தான். வகைமைகளைக் கலந்து அடுக்கும் பட்டியல் கூண்டை உடைப்பதில்லை, அகலமாக்குகிறது.

ஒப்புக்கொள்ளவேண்டியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். 1968இல் பெர்க்லியில் ஜப்பானிய, சீன, பிலிப்பைன்ஸ் வம்சாவளி மாணவர்கள் ‘ஆசிய அமெரிக்கர்’ என்று ஒன்றாகத் திரண்டதற்கு அரசியல் தேவை இருந்தது. இன்றும் இருக்கிறது: 2021 மார்ச்சில் அட்லாண்டா பகுதியில் எட்டுப் பேர் சுட்டுக்கொல்லப்பட்டபோது அவர்களில் ஆறு பேர் ஆசிய வம்சாவளிப் பெண்கள். அமெரிக்காவில் 2018இல் பெரிய பதிப்பகங்கள் வெளியிட்ட புனைவுகளில் வெள்ளையர் அல்லாதோர் எழுதியவை 11 சதவீதம்தான் என்று நியூயார்க் டைம்ஸில் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. அப்படியொரு சந்தையில் ஒரு நூலகரோ கடைக்காரரோ மே மாதத்து ஆசிய அமெரிக்க மரபுக் கொண்டாட்டத்தின்போது இந்த நூல்களை முன்வரிசைக்குக் கொண்டுவருவது நல்ல காரியம். அதனால் சில நூல்களாவது விற்கும், சில எழுத்தாளர்களாவது அடுத்த நாவலை எழுதுவார்கள்.

ஆனால் பரிந்துரை என்ற செயலுக்கு ஒரு கடமை உண்டு. ‘இதைப் படி’ என்று சொல்பவர் ஏன் இது, ஏன் அது வேண்டாம் என்று சொல்லியாகவேண்டும். இந்தப் பட்டியல்களில் ‘வேண்டாம்’ என்பதே கிடையாது. கோயிலில் அர்ச்சனைக்குப் பெயரும் நட்சத்திரமும் கோத்திரமும் கேட்பதுபோல, ஆசிரியரின் பெயர், பெற்றோரின் நாடு, நாவலின் கருப்பொருள் ஆகிய மூன்றையும் சொன்னால் போதும், ஒரு நூல் பட்டியலில் ஏறிவிடும். அதன் பிறகு எல்லா நூலுக்கும் ஒரே வாக்கியம்: அடையாளம், வேர்கள், இரு பண்பாடுகளுக்கு இடையே ஒரு வாழ்க்கை. நாவல் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. வகைமை நாவலுக்கு இது இரட்டை அநீதி, ஏனென்றால் அது தன் முன்னோடிகளோடு வாதாடித்தான் உயிர் வாழ்கிறது.

ஆர். எஃப். குவாங்கின் ‘பேபல்’ (2022) அநேகமாக இத்தகைய எல்லாப் பட்டியல்களிலும் இருக்கிறது. காலனியத்தைப் பற்றிய மிகுபுனைவு, சீன வம்சாவளி ஆசிரியர் என்ற அறிமுகத்தோடு அது நிறுத்திக்கொள்ளப்படுகிறது. அந்த நாவலின் சாதனை எங்கே இருக்கிறது? 1830களின் ஆக்ஸ்போர்டில் வெள்ளிக் கட்டிகளில் இரு மொழிச் சொற்களைப் பொறிக்கிறார்கள். ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்குப் போகையில் தவறிப்போகும் பொருளே மந்திரசக்தியாகிறது. அந்தச் சக்தியால் பேரரசின் கப்பல்களும் ஆலைகளும் ஓடுகின்றன. ஆகவே பேரரசுக்கு வேற்றுமொழிப் பிள்ளைகள் தேவைப்படுகிறார்கள். கான்டனிலிருந்து ராபின் என்ற சிறுவன் கொண்டுவரப்படுகிறான். மந்திரத்தின் விதியும் சுரண்டலின் விதியும் ஒன்றாக இருக்கும்படி ஓர் உலகைக் கட்டுவது மிகுபுனைவில் அபூர்வம். மந்திரப் பள்ளிக்கூடக் கதைகளின் நீண்ட வரிசையில் இதை வைத்துப் பார்த்தால்தான் அந்தக் கற்பனையின் கூர்மை தெரியும். அதே நாவல் தன் வாசகரை நம்பாமல் போவதும் அப்போதுதான் தெரியும். அடிக்குறிப்புகள் வந்து வந்து எதை எப்படிப் புரிந்துகொள்ளவேண்டும் என்று சொல்லிக்கொடுக்கின்றன. பாத்திரங்கள் தாங்கள் கற்ற பாடத்தை உரக்க அறிவிக்கிறார்கள். வெள்ளிக் கட்டி ஏற்கெனவே காட்டிவிட்டதைச் சொற்பொழிவு மறுபடி சொல்கிறது. நான் படித்த எந்தப் பட்டியலும் இந்தக் குறையைச் சொன்னதில்லை. சொன்னால் ஒரு சமூகத்தையே குறைசொல்வதாக ஆகிவிடும் என்ற தயக்கம் இருக்கவேண்டும். ஒரு நூலை ஒரு சமூகத்தின் பிரதிநிதியாக நிறுத்திய பிறகு அதை விமர்சிக்க வழியில்லாமல் போகிறது.

குவாங்கே அடுத்த ஆண்டு வெளியிட்ட ‘யெல்லோஃபேஸ்’, எழுத்தாளரின் வம்சாவளியை விற்பனைச் சரக்காக்கும் பதிப்புலகத்தைக் கிழிக்கும் நாவல். அதையும் வம்சாவளியைக் காட்டியே பரிந்துரைக்கிறார்கள். நூலைப் படித்துவிட்டு அதைச் செய்ய எப்படி மனம் வருகிறது என்று எனக்கு விளங்கவில்லை.

துப்பறியும் நாவலுக்கு வருவோம். ஜெஸ்ஸி சுதாந்தோவின் ‘வெரா வாங்ஸ் அன்சொலிசிட்டட் அட்வைஸ் ஃபார் மர்டரர்ஸ்’ (2023) நாவலில் சான்பிரான்சிஸ்கோ சைனாடவுனில் தேநீர்க்கடை நடத்தும் வயதான பெண் தன் கடையில் ஒரு பிணத்தைக் காண்கிறாள். போலீசை நம்பாமல் தானே துப்புத்துலக்கக் கிளம்புகிறாள். சீன அம்மாவின் பாசமும் உணவும் நிறைந்த கதை என்பதே இதற்கு வழக்கமான பரிந்துரை. துப்பறியும் கதை வாசகர் கேட்பது வேறு. தடயங்கள் நேர்மையாக முன்வைக்கப்படுகின்றனவா? சந்தேகத்துக்குரியவர் ஒவ்வொருவருக்கும் உண்மையான காரணம் இருக்கிறதா? இந்தக் கேள்விகளில் நாவல் சுமார்தான். ஆனால் அழையாத வீட்டில் நுழைந்து அறிவுரை சொல்லும் பெரியம்மாத்தனத்தையே துப்பறியும் முறையாக மாற்றியதில் அது கெட்டிக்காரத்தனம் காட்டுகிறது. கிராமத்து முதியவள் ஒருத்தியை அகதா கிறிஸ்டி துப்பறிய வைத்ததோடு ஒப்பிட்டுச் சொன்னால் ஒரு வாசகருக்கு இது பயன்படும். ‘சீன அம்மாவின் பாசம்’ யாருக்குப் பயன்படும்?

சூசன் சோய் விஷயத்தில் இந்த முறை முற்றாகத் தோற்கிறது. ‘ஃப்ளாஷ்லைட்’டின் தந்தை ஜப்பானில் பிறந்த கொரியர், பட்டியலுக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் சோய்க்கு 2019இல் அமெரிக்காவின் தேசிய நூல் விருதைப் பெற்றுத்தந்த ‘ட்ரஸ்ட் எக்ஸர்சைஸ்’ ஒரு நாடகப் பள்ளியின் மாணவர்களைப் பற்றியது. அதில் வேர்களைத் தேடுபவருக்கு அதிகம் கிடைக்காது. நாவலின் நடுவில் வேறொரு பெண் எழுந்து, இதுவரை நீங்கள் படித்தது ஒருத்தி தன் வசதிக்குத் திரித்து எழுதியது என்று சொல்லிவிடுகிறாள். ‘ஃப்ளாஷ்லைட்’டிலும் நடந்தது அதுவே: அந்த இரவு என்ன ஆயிற்று என்பதற்கு ஒரே சாட்சி பத்து வயது மகள், அவள் நினைவோ நம்பத்தகாதது. ஒருவர் சொன்ன கதையை நம்பலாமா என்பதே சோயின் இரு நாவல்களையும் இணைக்கும் கேள்வி. வம்சாவளியை மட்டும் பார்ப்பவருக்கு ஒரே எழுத்தாளரின் இரண்டு நூல்களுக்கு இடையே உள்ள இந்தத் தொடர்ச்சிகூடக் கண்ணில் படாது. கஸுவோ இஷிகுரோ தன் முதல் இரு நாவல்களில் ஜப்பானை எழுதிவிட்டு, 1989இல் ஓர் ஆங்கிலேயப் பிரபுவின் வீட்டு ஊழியனை எழுதி புக்கர் வாங்கினார். நாகசாகியில் பிறந்தவர் என்ற தகவல் அந்தத் திருப்பத்தை விளக்க எந்த அளவுக்கு உதவும்?

நாவலாசிரியர் வியத் தான் நுயென் நெடுநாளாகச் சொல்லிவருவதை எனக்கு எதிராகச் சிலர் எடுத்துவைக்கலாம். சிறுபான்மையினருக்குக் கதைகள் பஞ்சமாக இருப்பதால்தான் ஒவ்வொரு நூலும் முழுச் சமூகத்தையும் சுமக்கவேண்டியிருக்கிறது. கதைகள் பெருகினால் சுமை குறையும் என்பது அவர் கருத்து. ஒப்புக்கொள்கிறேன். நூல்கள் பெருகிவிட்டன. வாசிப்பில்தான் பஞ்சம் நீடிக்கிறது. இருபது நாவல்களும் ஒரே சுமையைச் சுமந்துகொண்டு வரிசையில் நிற்கின்றன.

இது அமெரிக்கர்களின் சிக்கல் என்று நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. வி. வி. கணேசானந்தனின் ‘பிரதர்லெஸ் நைட்’ 2024இல் பிரிட்டனின் பெண்களுக்கான புனைவு விருதைப் பெற்றபோது ‘ஈழத்தமிழ் வம்சாவளிப் பெண்ணுக்கு உலக விருது’ என்று மகிழ்ந்தோம். மகிழ்வதில் தவறில்லை. அதற்குமேல் எத்தனை பேர் போனார்கள்? 1980களின் யாழ்ப்பாணத்தில் மருத்துவம் படிக்க விரும்பும் சசி கதையைச் சொல்கிறாள். ஒரு சகோதரன் 1983 கலவரத்தில் கொல்லப்படுகிறான். மற்றும் இருவர் இயக்கத்துக்குப் போகிறார்கள். அவள் புலிகளின் மருத்துவ நிலையத்தில் வேலை செய்கிறாள். அவள் சொல்லும் விதம்தான் இந்த நாவல். நோயாளியின் உடலைப் பதிவுசெய்யும் மருத்துவரின் நிதானம் குரலில் இருக்கிறது. அடிக்கடி வாசகரை நேராக விளித்து, நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய் என்று நிறுத்துகிறாள். அவளுடைய ஆசிரியை அஞ்சலி, 1989 செப்டம்பரில் சுட்டுக்கொல்லப்பட்ட ராஜினி திராணகமவை நினைவில் வைத்துப் படைக்கப்பட்டவர். ராஜினி சேர்ந்து எழுதிய ‘முறிந்த பனை’ நமக்குத் தெரிந்த நூல். அந்த ஆவணத்திலிருந்து புனைவு எதை எடுத்தது, எங்கே விலகியது, விலகியது சரியா என்று கேட்கக்கூடிய வாசகர்கள் உலகத்திலேயே நாம்தான். என் வாசிப்பில் நாவலின் பலவீனமும் அங்கேதான் இருக்கிறது: சசியின் மனச்சாட்சி கிட்டத்தட்ட எப்போதும் சரியாகவே இருக்கிறது, இயக்கத்துக்குப் போன சகோதரர்களின் மனம் நமக்கு வெளியிலிருந்து மட்டுமே காட்டப்படுகிறது. இதை மறுப்பவர்கள் இருப்பார்கள். அந்தச் சண்டை தமிழில் நடந்திருக்கவேண்டும். வாழ்த்துச் செய்திகளோடு முடிந்துபோனது.

பிறப்புதான் தகுதி என்றால் பாரிஸில் வாழும் ஷோபாசக்தியும் தொரொன்டோவில் வாழும் தேவகாந்தனும் அந்த ஆங்கிலப் பட்டியல்களில் ஏன் இல்லை? ஷோபாசக்தியின் ‘கொரில்லா’ ஆங்கிலத்தில் வந்திருக்கிறது. தேவகாந்தனின் ‘கனவுச்சிறை’யின் மொழிபெயர்ப்பைத் தொரொன்டோவிலேயே வெளியிட்டார்கள். ஆங்கிலத்தில் எழுதி, பெரிய பதிப்பகத்தில் வெளிவந்தால்தான் வம்சாவளிக்கு மதிப்பு என்பதே நடைமுறை. ஆனால் நமது ‘புலம்பெயர் இலக்கிய’ச் சிறப்பிதழ்களும் பெரும்பாலும் வேறு என்ன செய்கின்றன? ‘கொரில்லா’ அகதி விண்ணப்பத்தின் வடிவத்தை எடுத்துக்கொண்டு அதைக் கதையாக்கியது. நாமோ அதன் ஆசிரியர் எந்த இயக்கத்தில் இருந்தார், இப்போது எந்தப் பக்கம் நிற்கிறார் என்றே பேசிக்கொண்டிருந்தோம். சாட்சியம் என்று அழைப்பதன் மூலம் ஒரு நாவலை நாவலாகப் படிக்கும் வேலையிலிருந்து விடுபட்டுக்கொண்டோம்.

பட்டியல் போடும் நண்பர்களிடம், குறிப்பாகத் தமிழில் அவற்றைப் பெயர்த்து வெளியிடும் இதழாசிரியர்களிடம் கேட்பது ஒன்றுதான். இருபது பெயர்களுக்கான இடத்தை ஒரே நாவலுக்குக் கொடுங்கள். அதை அதன் வகைமையின் மற்ற நாவல்களுக்குப் பக்கத்தில் வையுங்கள். எங்கே வென்றது, எங்கே சறுக்கியது என்று பெயரைப் போட்டு எழுதுங்கள். ‘பிரதர்லெஸ் நைட்’டிலிருந்தே தொடங்கலாம், பக்கத்தில் வைத்துப் படிக்க ‘முறிந்த பனை’ தமிழிலேயே இருக்கிறது.