ஏலக்காய்க் கட்டுரையை யார் படிக்கிறார்கள்?

போடிநாயக்கனூரில் விடியும் முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடும். போடிமெட்டு ஏறி, கேரளப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போகிறவர்களுக்கான ஜீப்புகள். அப்படிப் போகும் ஒரு அம்மாவின் மகள், ஏழாம் வகுப்பில் எழுதிய ‘ஏலக்காய்’ கட்டுரையைப் படிக்க வாய்த்தது. ‘நறுமணப் பொருள்களின் அரசி’ என்று தொடங்கி மருத்துவப் பயன்களில் முடிகிறது. முன்னுரை, உட்தலைப்பு, முடிவுரை எல்லாம் சரி. பத்துக்கு எட்டு மார்க். அம்மா மட்டும் அதில் இல்லை.

“உங்கம்மா காய் எப்படி எடுப்பாங்க?” என்று கேட்டதும் கடகடன்னு சொன்னாள். காய் உச்சியில் இல்லை, தூரில்தான் காய்க்கும். குத்தவச்சு எடுக்கணும். விளைஞ்சதை மட்டும் எடுத்துட்டுப் பிஞ்சை விட்டுடணும். சில வாரம் கழிச்சு அதே செடிக்குத் திரும்ப வரணும். இதை ஏன் எழுதவில்லை என்றேன். “இதையெல்லாம் யார் சார் படிப்பாங்க?” என்றாள்.

நியாயமான கேள்வி. அவளுடைய ஒரே வாசகர் டீச்சர். அவரும் தெரிந்துகொள்ள வாசிப்பவரில்லை, திருத்த வாசிப்பவர்.

மாணவர் எழுத்துக்கு மேடையே இல்லை என்று சொல்ல முடியாது. பள்ளிக்கல்வித்துறை 2022இல் ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ இதழ்களைத் தொடங்கியது. நல்ல முயற்சிதான். ஆனால் எந்த இதழிலும் தேர்வான சில படைப்புகளே அச்சாகும். வகுப்பில் மற்றவர்களின் நோட்டு மூடியேதான் இருக்கும். எழுத்து ஒரு கற்றல் கருவி என்றால், அச்சேறுவதைவிடத் திருத்தி எழுதுவதில்தான் கற்றல் நடக்கிறது.

இதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் இன்னொரு மலைப்பள்ளி. இத்தாலியின் பார்பியானாவில் லொரென்சோ மிலானி என்ற பாதிரியார் நடத்தியது. அதன் மாணவர்கள் எட்டுப் பேர் சேர்ந்து எழுதிய புத்தகம் 1967இல் வெளிவந்தது. தமிழில் ‘எங்களை ஏன் டீச்சர் ஃபெயிலாக்கினீங்க?’ என்று நம்மவர்கள் பலர் படித்ததுதான். அதன் கோபத்தைப் பற்றி நிறையப் பேசினோம், எழுதிய முறையைப் பற்றிப் பேசவில்லை. ஒரு எண்ணத்துக்கு ஒரு தாள். எல்லாத் தாள்களையும் மேசையில் பரப்பி, ஒரே மாதிரி இருப்பதை நீக்கி, தொடர்புள்ளவற்றைக் கட்டுக்கட்டாகப் பிரித்து, வரிசைப்படுத்தி, தேவையில்லாத சொற்களை வெட்டுவார்கள். கடைசியில் வெளியாட்களைக் கூப்பிட்டு உரக்கப் படிக்கச் சொல்வார்கள். அவர்களும் அதிகம் படிக்காதவர்களாக இருந்தால் நல்லது. அவர்களுக்குப் புரியாத இடத்தைத் திரும்ப எழுதுவார்கள்.

அப்படியே இங்கே எடுத்துவர முடியாது. பார்பியானாவில் பிள்ளைகள் குறைவு, பள்ளியோ நாள் முழுக்க. இங்கே போர்ஷன் முடிக்கணும். அந்தப் புத்தகத்திலேயே மிலானியின் கை எவ்வளவு என்ற விவாதமும் உண்டு. பலர் சேர்ந்து எழுதும்போது ஒரு பிள்ளையின் தனிக்குரல் அமுங்கிப்போகும். இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. அம்மாவின் கூலியைப் பற்றி மகள் எழுதி அது ஊருக்குள் சுற்றினால், மறுநாள் ஜீப்பில் ஏற வேண்டியது அம்மாதான். அதனால் எதை வெளியே அனுப்பலாம் என்பதைப் பிள்ளையும் வீடும் முடிவு செய்யணும், பள்ளி அல்ல.

அந்தக் கடைசிப் படியை மட்டுமாவது போடியில் செய்யலாம். அதற்கு அச்சகமும் வேண்டாம், கம்ப்யூட்டரும் வேண்டாம். சாயங்காலம் ஜீப் இறங்கியதும் அம்மாவுக்கு அந்தக் கட்டுரையைப் படித்துக் காட்டட்டும். எந்த வரி தப்பு என்று அவருக்குத் தெரியும். மறுநாள் அந்த வரியைத் திருத்தி எழுத வகுப்பில் ஒரு பீரியட் ஒதுக்கினால் போதும்.