நூற்பட்டியும் உள்ளுறையும்

பண்டார சாத்திரம் எனத் திருவாவடுதுறை ஆதீனத்து நூல்கள் 14 ஒரு தொகுதியாக வழங்குதலை அன்பர்கள் அறிவர். அவற்றுள் 10 அம்பலவாண தேசிகர் அருளியன. 2 தட்சிணாமூர்த்தி தேசிகருடையன. எஞ்சிய இரண்டனுள் ஒன்று சுவாமிநாத தேசிகருடையது, மற்றொன்று வேலப்ப தேசிகருடையது. தசகாரியம் என்னும் ஒரு பெயரானே இத்தொகுதியுள் மூன்று நூல்கள் உள. மூன்றற்கும் ஆசிரியர் வேறாவர். இத்தொகுதி ஒரு புத்தகசாலையை அடைந்தவழிப் பட்டியில் எழுதப்படுவது யாது? தொகுதியின் பெயரும், பதிப்பித்தார் பெயரும், ஆண்டும், பக்கத்தொகையுமே பெரும்பாலும் எழுதப்படும். தட்சிணாமூர்த்தி தேசிகரது தசகாரியத்தை நாடிச் செல்லும் மாணாக்கர், நூற்பெயரானும் ஆசிரியர் பெயரானும் தேடி ஒன்றுங் காணாது மீள்வர். நூலோ அவர் நின்ற இடத்திற்கு நான்கடித் தொலைவில் இருக்கும். பதினோராந் திருமுறையின் நிலையும் இதுவே. 12 ஆசிரியர் செய்த 40 நூல்கள் ஒரு பெயருள் ஒடுங்கிக் கிடக்கின்றன.

உள்ளுறையைப் பட்டியில் எழுத இடமில்லை என்பார் முன்னர் இருந்தனர். ஏழரைக்கு பன்னிரண்டரைச் சென்றிமீட்டர் அளவுடைய அட்டையில் எழுதிய நாளில் அக்கூற்று ஒருவாறு பொருந்தும். அந்நாளிலும், சீகாழியிற் பிறந்த சீ. இரா. அரங்கநாதனார் 1934-இல் வெளியிட்ட பட்டியாக்க விதிகளில், நூலினுள் அடங்கிய பகுதிகளுக்குத் தனிச் சுட்டுக் குறிப்பு எழுதுதற்கு வழி வகுத்தார். 1931-இல் அவர் கூறிய ஐந்து விதிகளுள் நான்காவது, படிப்போர் காலத்தைக் காத்தல் வேண்டுமென்பது. இந்நாளிற் கணினிப் பட்டிக்கு வழங்கும் 'மார்க் 21' அமைப்பில் 505 என்னும் எண்ணுடைய பகுதி உள்ளுறைக்கென்றே அமைந்துளது. ஆகவே இடமின்மை கூறுதல் இனிச் செல்லாது. உழைப்பு மிகும் என்பது ஒன்றே எஞ்சிய தடை. அது மெய்யே, யாம் மறுக்கின்றிலம்.

ஆயினும் உள்ளுறைப் பக்கத்தை அவ்வாறே பெயர்த்தெழுதின் போதும் என்பதும் எமக்கு உடன்பாடன்று. தசகாரியம், தசகாரியம், தசகாரியம் என மும்முறை எழுதுதலாற் பயன் என்னை? ஒவ்வொன்றன் அருகும் ஆசிரியர் பெயர் நிற்றல் வேண்டும்; அப்பெயரான் தேடினும் அகப்படுமாறு தனிக்குறிப்பும் வேண்டும். உண்மைநெறி விளக்கத்தை உமாபதி சிவனார் செய்ததென்பாரும், சீகாழித் தத்துவநாதர் செய்ததென்பாரும் உளர். பட்டி எழுதுவோர் இவ்வழக்கைத் தீர்க்க வேண்டுவதில்லை. இருவர் பெயரானும் நூலை அடையச் செய்தல் அமையும்.

உள்ளுறையே துணை செய்யாத நூலும் உண்டு. புதுக்கோட்டைச் சமஸ்தானத்தார் 1929-இல் அச்சிட்ட கல்வெட்டுத் தொகுதியில் 1130 சாசனங்கள் உள்ளன. அவை அரச மரபு பற்றி வகுக்கப்பட்டன. குடுமியான்மலைக் கோயிற்கு யாவர் என்ன நிவந்தம் அளித்தனர் என அறியப் புகும் அன்பர்க்குச் சோழர், பாண்டியர் என்னும் தலைப்புக்கள் வழிகாட்டா. திருக்கோகர்ணம், நார்த்தாமலை, திருமயம் என ஊர்ப்பெயரான் அடைவு செய்து பட்டியிற் சேர்த்தலே அந்நூற்கு ஏற்ற உள்ளுறையாம். இன்ன நூற்கு இன்னது வேண்டுமெனத் தெரிதற்கு நூலைத் திறந்து பார்த்தல் வேண்டும். முகப்பை மட்டும் கண்டு எழுதுவார்க்கு அது கூடாது.

அப்புதுக்கோட்டையிலேயே ஞானாலயா என்னும் புத்தகசாலை உளது. பா. கிருஷ்ணமூர்த்தி, டோரதி என்னும் இணையர் தம் முயற்சியாற் சேர்த்த நூல்கள் அங்கே ஒரு லக்ஷத்தின் மேற்பட்டன. முதற் பதிப்புக்கள் பல. இத்தகைய சேர்க்கைகளிற் சிறு பிரசுரங்கள் பலவற்றை ஒரு கட்டாகக் கட்டிவைத்தல் பழைய வழக்கம். கட்டின் முதலில் நிற்கும் நூலின் பெயரே முழுக்கட்டின் பெயராய் விடுதலை யாம் வேறிடங்களிற் கண்டுளோம். 4 செய்யுளே உடைய கொடிக்கவி போல்வன அக்கட்டுக்களின் நடுவே சிக்கின், அவற்றை மீட்பார் யார்? ஆதலின் எல்லா நூற்கும் உள்ளுறை எழுத ஆற்றாதார் தொகுதிகளுக்கும் கட்டுக்களுக்குமேனும் முதற்கண் எழுதுக.

இன்னும் ஒன்று. போற்றிப் பஃறொடை எனப் பிரித்தும், போற்றிப்பஃறொடை எனச் சேர்த்தும், ஆய்தம் விட்டும் எழுதுவார் உளர். கணினி இவற்றை ஒன்றென அறியாது. உள்ளுறை எழுதுவார் இம்மூன்று வடிவானும் நூல் அகப்படுமாறு செய்தல் வேண்டும்.