வாரக் கீர்த்தனைகளும் குழந்தைகளின் சேர்ந்திசையும்

பூந்தமல்லி வைத்தீஸ்வரன் கோயில் செவ்வாய்க்கு, மாங்காடு வெள்ளீஸ்வரர் கோயில் சுக்கிரனுக்கு, போரூர் இராமநாதேஸ்வரர் கோயில் குருவுக்கு என்று கிழமைக்கொரு கோயிலைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருப்பவர்கள் அம்பத்தூர்வாசிகள். இவ்வட்டாரத்தில், கிழமைக்கொரு கிரகத்தின் மேல் அமைந்த முத்துசுவாமி தீட்சிதரின் (1775–1835) வாரக் கீர்த்தனைகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து, நவராத்திரிக்கோ ஆண்டு விழாவுக்கோ கோஷ்டியாகப் பாடவைக்கும் ஆசை பாட்டு டீச்சர்களுக்கு எழுவது இயல்புதான். அந்த ஆசையை மதிக்கிறேன். அது நடக்கும் முறையோடுதான் எனக்குப் பிணக்கு.

கீர்த்தனைகளின் அமைப்பு அபாரமானது. ஏழு கிழமைக்கும் ஏழு ராகம். அதோடு சூளாதி தாளங்கள் ஏழும் கிழமைக்கொன்றாகப் பங்கிடப்பட்டிருக்கின்றன. ஞாயிறு சௌராஷ்டிரத்தில் துருவ தாளம், 14 அட்சரம். திங்கள் மட்டியம், 10. செவ்வாய் ரூபகம், 6. புதன் மிச்ர ஜம்பை, மறுபடியும் 10. வியாழன் திச்ர திரிபுடை, 7. வெள்ளி கண்ட அட தாளம், 14. சனி ஏகம், வெறும் 4. ஒரு வாரத்தையே கையில் தட்டி எண்ணிவிடலாம். இப்படியொரு வாரத்தைக் குழந்தைக்குத் தருவதற்கு வேறெந்தப் படைப்பும் என் நினைவுக்கு வரவில்லை.

ஆனால் சாகித்தியம் குழந்தைகளுக்காக எழுதப்பட்டதல்ல. சமஸ்கிருதத்தில் நீண்ட சமாசங்கள், விளம்ப காலம், சின்ன மூச்சுக்கு எட்டாத சங்கதிகள். அதைவிடப் பெரிய சிக்கல் கமகம். வியாழனின் அடாணாவிலும் சனியின் யதுகுலகாம்போதியிலும் ஸ்வரம் நின்ற இடத்தில் நிற்பதில்லை. முப்பது குரல்கள் முப்பது விதமாக அசைக்கும்போது ராகம் கலங்கிப்போகிறது. சுருதிப் பெட்டியை டீச்சரின் கட்டைக்கு வைத்துவிட்டால் கீழ் ஸ்தாயியில் பாதிப் பிள்ளைகள் வாயை மட்டும் அசைப்பார்கள். இதே தீட்சிதர்தான் ஐரோப்பிய பேண்டு மெட்டுகளைக் கேட்டு நோட்டு ஸ்வரங்களையும் செய்தார். கமகம் குறைந்த, சங்கராபரண ஸ்வரங்களில் நேராக நடக்கும் அவை கூட்டுக் குரலுக்கு எவ்வளவு இணக்கமானவை!

குழந்தைகளுக்கென்றே எழுதப்பட்டவையும் உண்டு. ஆங்கிலேய இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் 1933 முதல் 1935 வரை எழுதிய ‘ஃப்ரைடே ஆஃப்டர்நூன்ஸ்’ தொகுப்பு, வேல்ஸில் அவர் அண்ணன் நடத்திய பள்ளியின் வெள்ளி மதியப் பாட்டு வகுப்புக்காகவே பிறந்தது. பன்னிரண்டு பாட்டு, பெரும்பாலும் எல்லோருக்கும் ஒரே மெட்டு. கடைசிப் பாட்டில் மட்டும் ஒரு குழு தொடங்கியபின் அடுத்த குழு அதே மெட்டைப் பிடித்துக்கொண்டு நுழைகிறது. எளிய மெட்டுதான், ஆனால் பிள்ளைகள் அடுத்தவர் குரலைக் கேட்டே ஆகவேண்டும். இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன் சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவில் பாரதி பாடல்களைப் பல குரல்களாகப் பிரித்துப் பாடவைத்தபோதும் இப்படிக் கேட்டுத்தான் பாடவேண்டும். கோஷ்டி கானத்தில் அந்தக் கேட்டல் இல்லை. எல்லோரும் டீச்சர் முகத்தையே பார்க்கிறார்கள்.

ஆகவே முழுக் கீர்த்தனைகளைப் பெரிய பிள்ளைகளுக்கு, தனித்தனியாகச் சொல்லிக்கொடுப்பதற்கு வைத்துக்கொள்ளலாம். சின்னவர்களுக்குத் தாளங்களை மட்டும் கொடுங்கள். கிழமை வரிசையும் வேண்டாம். ஞாயிற்றில் தொடங்கினால் முதல் நாளே 14 எண்ண வேண்டும். சனியின் நாலில் தொடங்கி, செவ்வாயின் ஆறு, வியாழனின் ஏழு என்று ஏறலாம். சொற்கள் அவர்களுடைய தமிழிலேயே, அவர்களே கட்டியதாக இருக்கட்டும். பிறகு வகுப்பை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதி திங்களை நாலு, இரண்டு, நாலு என்று தட்ட, மறுபாதி புதனை ஏழு, ஒன்று, இரண்டு என்று தட்டட்டும். நடுவில் வேறு வேறாகப் பிரிந்தாலும் பத்து முடிந்ததும் இரண்டு பாதியும் சமத்தில் சேரும். ஞாயிறும் வெள்ளியும் அப்படியே பதினாலில் சேரும்; வியாழன் இரண்டு சுற்று வந்து அவற்றோடு கலந்துகொள்ளும்.