மாறுவேடத்தில் வரும் முதலாளி: வரம் கொடுப்பதா, விதியை மாற்றுவதா?

'அண்டர்கவர் பாஸ்' பார்த்திருக்கீங்களா? முழு எபிசோடு பார்க்காவிட்டாலும் ஏதாவது ஒரு துண்டு வீடியோ கண்ணில் பட்டிருக்கும். கம்பெனித் தலைவர் வேஷம் போட்டு, வேறு பெயரில், தன் கம்பெனியிலேயே புது ஆளாக வேலைக்குப் போவார். கூடவே கேமரா வருவதற்கு ஏதோ ஒரு கதை சொல்லிவிடுவார்கள். தரை துடைப்பார், பெட்டி தூக்குவார், திட்டு வாங்குவார். கடைசியில் வேஷத்தைக் கலைத்து, கூட வேலை பார்த்த நாலைந்து பேரைக் கூப்பிட்டுப் பணமோ பதவியோ கொடுப்பார். அவங்க அழுவாங்க. பார்க்கிற நமக்கும் கண் கலங்கும்.

ஸ்டீபன் லாம்பர்ட் உருவாக்கிய இந்த நிகழ்ச்சி 2009-இல் பிரிட்டனின் சேனல் 4-இல் தொடங்கியது. அமெரிக்காவில் சிபிஎஸ் சேனல் முதல் எபிசோடை 2010 பிப்ரவரி 7 அன்று, சூப்பர் பவுல் ஆட்டம் முடிந்த கையோடு போட்டது. சுமார் 3 கோடியே 86 லட்சம் பேர் பார்த்தார்கள். அங்கே வேலையின்மை 10 சதவீதத்தை ஒட்டி இருந்த சமயம் அது. பெரிய கம்பெனிகள் மேல் ஜனங்கள் கடுப்பில் இருந்தபோது, 'முதலாளியும் மனுஷன்தான்' என்று சொல்ல ஒரு நிகழ்ச்சி வந்தது. 2012, 2013 இரண்டு வருஷமும் எம்மி விருது வேறு.

இதெல்லாம் நாடகம், செட்டப் என்பது வழக்கமான விமர்சனம். எனக்கு அதில் பெரிய ஆர்வம் இல்லை. கண்ணீர் நிஜம் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கு: எபிசோடு முடியும்போது கம்பெனியில் மாறியது என்ன?

அந்த முதல் எபிசோடையே எடுத்துக்கலாம். வேஸ்ட் மேனேஜ்மென்ட் என்ற குப்பை அள்ளும் கம்பெனியின் தலைவர் லாரி ஓ'டானல். ஊழியர்கள் 40 ஆயிரத்துக்கும் மேல். ஒரு பெண் ஓட்டுநரோடு குப்பை வண்டியில் போகிறார். இறங்கிக் கழிப்பறை தேடினால் குறித்த நேரத்துக்குள் ரவுண்டை முடிக்க முடியாது என்பதால், அந்தப் பெண் ஒரு டப்பாவில் சிறுநீர் கழிப்பதாகச் சொல்கிறார். தலைவர் ஆடிப்போகிறார். அந்த நேர இலக்கு தலைமை அலுவலகத்திலிருந்து வந்தது. உற்பத்தித்திறனைக் கூட்டச் சொன்னதே அவர்தான். வேறொரு இடத்தில், ஒரே சம்பளத்துக்குப் பல பேர் வேலையைச் செய்து, வீட்டையே இழக்கும் நிலையில் ஒரு பெண் ஊழியர். அவருக்குப் பதவி உயர்வும் சம்பள உயர்வும் கிடைக்கிறது.

சந்தோஷம்தான். ஆனா அதே மாதிரி நாலு வேலையை ஒற்றை ஆளாகப் பார்க்கும் இன்னொருவர், கேமரா போகாத ஊரில் இருந்தால்?

என் தொழிலில் இதற்கு நெருக்கமான ஒன்று உண்டு. புரோகிராமில் பிழை, ஆயிரம் பேர் கணக்கில் வட்டி தப்பாக விழுகிறது. அதில் ஒருத்தர் மட்டும் போன் பண்ணி சத்தம் போடுகிறார். டேட்டாபேஸுக்குள் போய் அவருடைய ஒரு வரியைக் கையால் திருத்திவிட்டு வந்துவிடலாம். அவர் நன்றி சொல்வார். பிழை அங்கேயேதான் இருக்கும். அடுத்த மாசமும் 999 பேருக்குத் தப்பாகத்தான் விழும். இந்த நிகழ்ச்சியின் கடைசிப் பத்து நிமிஷம் பெரும்பாலும் இந்த வகைத் திருத்தம்தான்.

கழிப்பறை விஷயத்தைக் கொஞ்சம் பாருங்க. அமெரிக்காவில் வேலையிடப் பாதுகாப்பைக் கவனிக்கும் ஓஷா அமைப்பு 1998-லேயே விளக்கம் கொடுத்துவிட்டது: கழிப்பறை கட்டி வைத்தால் மட்டும் போதாது, தேவைப்படும்போது ஊழியரைப் போக விடணும். ஊர் சுற்றி வேலை செய்பவர்கள் என்றால், பக்கத்துக் கழிப்பறைக்கு உடனே போய்வர வழி இருக்கணும். அதாவது, தலைவரின் மனசு இளகுவதற்காக அந்த ஓட்டுநர் காத்திருக்க வேண்டிய அவசியமே இல்லாத விஷயம் இது. டிவியில் உரிமை என்ற சொல் காணாமல் போய், வரமாகத் திரும்பி வருகிறது.

மாறுவேட ராஜா கதை நமக்குப் புதுசு இல்லை. பொற்கைப் பாண்டியன் கதை தெரியும்தானே, சிலப்பதிகாரத்தில்கூட குறிப்பு வரும். இரவில் நகர்வலம் போனபோது, கணவன் ஊரில் இல்லாத வீடு என்று நினைத்துச் சந்தேகத்தில் கதவைத் தட்டிவிடுகிறான். உள்ளே இருந்தது ஊர் திரும்பிய கணவனே. பழி வராமல் இருக்கத் தெருவில் எல்லாக் கதவையும் தட்டுகிறான். மறுநாள் புகார் வந்ததும் தன் கையையே வெட்டிக்கொள்கிறான். கதைதான். ஆனால் அதில் விதி ராஜா மேலும் பாய்கிறது. நம்ம டிவி ராஜா பரிசு கொடுக்கிறார். தான் போட்ட இலக்குக்கு என்ன விலை கொடுக்கிறார்?

முதலாளி கீழே இறங்கிப் பார்ப்பதே வீண் என்று நான் சொல்லவில்லை. டொயோட்டாவில் டாயிச்சி ஓனோ, எஞ்சினியர்களைத் தொழிற்சாலைத் தரையில் வரைந்த சாக்பீஸ் வட்டத்துக்குள் நிற்கவைத்து வேலையைக் கவனிக்கச் சொல்வார். அங்கே வேஷம் கிடையாது. அதைவிட முக்கியம் ஆன்டான் கயிறு: ஏதாவது தப்பாகத் தெரிந்தால் லைனில் நிற்கும் சாதாரணத் தொழிலாளி இழுக்கலாம், உதவி வரும், சரியாகவில்லை என்றால் லைனே நிற்கும். சொன்னால் வேலை போகாது என்ற நம்பிக்கை இருந்தால்தான் கயிறு வேலை செய்யும். முதலாளி விக் மாட்டினால்தான் உண்மை காதில் விழும் என்கிற கம்பெனியில் அந்த நம்பிக்கை இல்லை என்று அர்த்தம்.

அந்த முதல் எபிசோடில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு, யாரும் அழாத இடம். மறுசுழற்சி ஆலை ஒன்றில், சாப்பாட்டு இடைவேளை முடிந்து ஒரு நிமிஷம் தாமதமாக வந்தால் இரண்டு நிமிஷச் சம்பளம் பிடிப்பார்கள். அதை நிறுத்தச் சொல்கிறார் ஓ'டானல். பரிசு வாங்க யாரும் மேடைக்கு வரவில்லை. ஆனால் அங்கே சாப்பிட ஓடும் எல்லாருக்கும் அது சேரும்.

அடுத்த முறை பார்க்கும்போது ஒரு தாளில் இரண்டு பத்தி போட்டுப் பாருங்க. இடப்பக்கம், பெயர் சொல்லிக் கொடுத்தவை. வலப்பக்கம், எல்லாருக்கும் மாறிய விதிகள். நான் பார்த்த எபிசோடுகளில் இடப்பக்கம் சீக்கிரம் நிரம்பிவிடுகிறது. உங்களுக்கு வலப்பக்கம் ஏதாவது கிடைத்தால் கமென்ட்டில் எழுதுங்க.